பச்சை எலும்பு போகும் பாதை

வெள்ளாட்டின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். கருவேல நெற்றையும் கிளுவைத் தழையையும் மேய்ந்து மேய்ந்து ஆடு கட்டிக்கொண்டவை அவை. தழையில் இருந்த கால்சியம் இரத்தத்தில் ஏறி, பாஸ்பரஸோடு கூடி, கொலாஜன் என்னும் புரத நாரின் மேல் படிந்து இறுகியதுதான் எலும்பு. காய்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. மீதியில் பெரும்பகுதி அந்த நார். நார் இருப்பதால்தான் பச்சை எலும்பு கடிக்கும்போது கொஞ்சம் இணங்கிக் கொடுத்து நசுங்குகிறது. நாய்க்கு எலும்பு போடுகிறவர்கள் இந்த நாரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொடையும் நெஞ்செலும்பும் ஈரலும் முதலில் போய்விடும். கழுத்துக்கறி கொஞ்ச நேரம் தொங்கும். சதையும் சவ்வும் குருத்தெலும்பும் பின்னிக் கிடக்கும் அந்தப் பாகம் நாய்க்கு நல்ல தேர்வு என்பது என் எண்ணம்.

“நாய்க்குத்தானே? பொடிசா போட்டுடவா அண்ணே?”

“வேணாம் பாய், பெருசாவே இருக்கட்டும். மொத்தமா வாய்க்குள்ள போயிடக் கூடாது.”

கட்டையில் வைத்து ஓங்கி ஒரு வெட்டு. முழுக் கழுத்து இரண்டாகும். இன்னொரு வேலையும் உண்டு. குரல்வளையை ஒட்டிய சதையை அறுத்து எடுத்துவிடச் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்பி அங்கேதான் ஒட்டியிருக்கும். தொண்டைப் பகுதியைத் தொடர்ந்து தின்ற நாய்களுக்குத் தைராய்டு ஹார்மோன் கூடி, உடல் இளைத்து, படபடப்பு வந்ததைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாசம் மிகுந்தவர்கள் நல்லி எலும்பாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். வேண்டாம். ஆட்டின் முழு எடையையும் தாங்கி இறுகிய எலும்பு அது. நாய் அதைக் கடைவாயில் வைத்துக் கடிக்கும்போது மேல் தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல் பாளமாகப் பிளந்துபோவது கால்நடை மருத்துவமனைகளில் சாதாரணமாகப் பார்க்கக் கூடியது. பல் பிளந்து கூழ் வெளியே தெரிந்தாலும் நாய் அழாது. மறுபக்கத்தால் மென்றுகொண்டு போய்விடும். அதனால் நமக்குத் தெரிய மாதங்கள் ஆகும்.

வீட்டுக்கு வந்த எலும்புக்கு இரண்டு வழி. நம் ஊரில் வழக்கமான வழி குழம்புச் சட்டி வழியாகப் போகிறது. நாம் கடித்து ஒதுக்கியதைச் சோற்றோடு பிசைந்து நாய்க்கு வைக்கிறோம். அன்பாகத்தான் செய்கிறோம், ஆனால் ஆபத்து இந்த வழியில்தான் அதிகம். வேகும்போது கொலாஜன் கரைந்து குழம்பில் இறங்கிவிடுகிறது. மிஞ்சும் எலும்பு நொறுங்கும், சிலாம்பு சிலாம்பாகப் பிளக்கும். அந்தக் கூர்முனை தொண்டையையோ குடலையோ குத்தும். குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. பிரியாணி எலும்பைத் தெருநாய்க்கு வீசுகிறவர்களிடமும் இதையே சொல்வேன்: எலும்பைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் சோறு வையுங்கள்.

பச்சையாகப் போடும் வழியை நம் காலத்தில் வாதமாக எழுப்பியவர்கள் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர்கள். 1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியது முதல், நாயுணவு என்பது மெல்ல மெல்லத் தொழிற்சாலைச் சரக்கானது. 1993இல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட், நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு நூல் எழுதினார். 2001இல் டாம் லான்ஸ்டேல் சதையோடு கூடிய பச்சை எலும்புக்காகவே ஒரு நூல் கொண்டுவந்தார். எதிர்ப்பும் வலுவாக வந்தது. கிருமியை முன்னிட்டு, பச்சை மாமிசம் கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் தீர்மானித்தது.

அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. சால்மோனெல்லா ஃப்ரீசரில் சாகாது, உறங்கும், அவ்வளவுதான். கோழிக் கழுத்தை நான் தவிர்க்கக் காரணம், 2018இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு. பச்சைக் கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமிக்கும், நாயின் பின்னங்கால்களில் தொடங்கி மேலேறும் நரம்புவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் காட்டினார்கள். ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போட்டால் நீர்க்கட்டி நாடாப்புழு நாயின் குடலில் குடியேறி, அதன் மலம் வழியே மனிதருக்கு வரும். ஆகவே உள்ளுறுப்பு எதுவானாலும் வேக வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. கைக்குழந்தையோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருக்கும் வீட்டில் பச்சை எலும்பே வேண்டாம் என்பேன்.

இத்தனையும் பார்த்து, கழுவிய தரையில் அந்தக் கழுத்துத் துண்டை வைத்தால், நாய் முதலில் நக்கும். பிறகு முன்னங்கால்கள் இரண்டாலும் அமுக்கிப் பிடித்து, முன்பற்களால் சவ்வை உரிக்கும். சதை தீர்ந்ததும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து எலும்பைக் கடைவாய்க்குத் தள்ளும். அங்கே மேல் பல்லும் கீழ்ப்பல்லும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசி வெட்டும். கண் பாதி மூடியிருக்கும், எச்சில் வழியும். இந்த உரசலில் பல்லில் படிந்த காரையும் பெயர்கிறது. பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்தபோது சில நாட்களிலேயே காரை நன்றாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாய் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிடுங்கப் பார்த்தால் அவசரமாக விழுங்கும். அதனால் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதே நல்லது.

இரைப்பையின் கடும் அமிலம் தாதுவைக் கரைக்கிறது, பெப்சின் நாரைச் சிதைக்கிறது. சிறுகுடலில் கால்சியம் உறிஞ்சப்படுகிறது. இங்கேதான் எலும்பின் உண்மையான பயன். வெறும் கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். கறி மட்டுமே தின்னும் நாயின் உடல், பற்றாக்குறையை ஈடுகட்டத் தன் எலும்பையே அரித்து எடுக்கும். தாடை மெத்தென்று ஆகும், குட்டிகளுக்குக் கால் வளையும். எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. கறியும் எலும்பும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

ஆனால் எலும்பும் கறியும் மட்டும் முழு உணவாகாது. நாயின் தோல் வெயிலில் போதிய வைட்டமின் டி தயாரிப்பதில்லை. மதுரை வெயிலில் நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் மத்தியும் முட்டை மஞ்சள் கருவும் வேண்டும். துத்தநாகமும் அயோடினும் வைட்டமின் ஈயும் கழுத்துக்கறியில் போதாது. சோறு ஓநாய்க்கு ஒவ்வாது என்று சொல்லி நாய்க்கும் அதை நிறுத்துகிறவர்கள் 2013இல் எரிக் அக்செல்சன் குழு வெளியிட்ட மரபணு ஆய்வைப் பார்க்கலாம்: மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான், நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை. நம் ஊர் நாய்கள் கூழும் பழைய சோறும் தின்று வளர்ந்ததில் உடலோடு ஒத்த நியாயம் இருந்தது.

வாரம் ஒரு கழுத்துத் துண்டு, கால்சியக் கணக்கையும் தீர்க்காது. மற்ற நாட்களுக்கு முட்டை ஓட்டை நைசாகப் பொடித்துச் சேர்க்கலாம். ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும். நாயின் எடைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ராஜபாளையம், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கை மிகுந்து கொடுக்கவே கூடாது. மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் குட்டிக் குடலுக்கு இல்லை, வளர்ச்சி கோணலாகிவிடும்.

நாய் விட்டுவைத்த எலும்பை எடுத்துப் போட்டுவிட வேண்டும். காய்ந்து கிடந்தால் கல்லாகி, மறுநாள் பல்லுக்கு வினையாகும். அடுத்த ஓரிரு நாள் மலத்தையும் பார்க்க வேண்டும். வெளுத்து, சுண்ணாம்புக் கட்டியாகி, நாய் முக்கினால் எலும்பு மிகுதி. அடுத்த முறை எலும்பைக் குறைத்துச் சதை கூடுதலான துண்டாகக் கேட்டு வாங்கலாம். மலமே வராமல் வாந்தியும் எடுத்தால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.