எங்கிருந்து எண்ணிய 25?



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் பிரிவில் வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெறப் போகிறவர். காபி குடித்துக்கொண்டே, "சார், வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே உங்க பாடத்தால ஒரு திட்டு வாங்கினேன்" என்று சிரித்தார். கதையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலையில் பாகைத் திறந்த கொப்பரையில் கொதிக்க விடுவதில்லை. சூடு ஏறினால் நிறம் கருத்து, சர்க்கரையும் சிதையும். அதனால் மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைப்பார்கள். இங்கிலாந்தில் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் 1813-இல் காப்புரிமை பெற்ற வேக்குவம் பான் அது.

அன்று அதன் மானியில் முள் 25 அங்குலத்தில் நின்றதாம். "இந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தபடியே இவர் 25-ஐ 25.4-ஆல் பெருக்கினார். 635 மில்லிமீட்டர் பாதரசம். அட்டவணையைப் பார்த்து 95 டிகிரி என்றார். சரியான விடை சுமார் 56.

பெருக்கலில் பிழையே இல்லை. அந்த 25 எங்கிருந்து எண்ணியது என்று கேட்காததுதான் பிழை. அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித் தரவே இல்லை. 760-ஐ மனப்பாடம் செய்ய வைத்ததோடு சரி. அந்தக் கடனை இன்று இங்கே தீர்க்கிறேன்.

இத்தாலியில் டாரிசெல்லி 1644-இல் எழுதிய கடிதத்தில் தம் பாதரசக் குழாயை விளக்கினார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், அது சுமார் 76 சென்டிமீட்டர் வரை இறங்கி நிற்கும். மேலே வெற்றிடம். வெளிக்காற்றின் எடைதான் அதைத் தாங்குகிறது. 1648 செப்டம்பர் 19 அன்று பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பிரான்சில் பூய் த தோம் மலையடியிலும் உச்சியிலும் இதை அளந்தார். அடியில் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். உச்சியில் 23-க்குச் சற்று மேல். அதுவும் பிரெஞ்சு அங்குலம், சுமார் 27 மில்லிமீட்டர். பிற்காலத்தில் டாரிசெல்லி பெயரால் டார் என்ற அலகு வந்தது. பாஸ்கல் பெயரை 1971-இல் சர்வதேச அலகுக்கே வைத்தார்கள்.

இந்தக் குழாய் எண்ணத் தொடங்குவது வெற்றிடத்திலிருந்து. அதனால் அது காட்டுவது முழு அழுத்தம்.

அடுத்து நீராவிக் காலம். பிரான்சின் யூஜீன் போர்டான் 1849-இல் காப்புரிமை பெற்ற மானியில், வளைந்த உலோகக் குழாய் ஒன்று உள் அழுத்தம் ஏற ஏற நிமிர்ந்து முள்ளைத் திருப்பும். அந்தக் குழாயை வெளிக்காற்றும் வெளியிலிருந்து அழுத்துகிறது. ஆகவே முள் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. பாய்லருக்கு அதுதான் தேவை; சுவரை வெடிக்கத் தள்ளுவது அந்த வித்தியாசம்தானே!

இப்படி இரண்டு பூஜ்யங்கள் உருவாகிவிட்டன. ஜெர்மானியர்கள் ஓர் எழுத்தைச் சேர்த்து இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். ஆங்கிலத்திலும் பி.எஸ்.ஐ.க்குப் பின்னால் ஜி என்றால் மானி அளவு, ஏ என்றால் முழு அழுத்தம். அந்த ஓர் எழுத்து விட்டுப்போனால் கணக்கு தலைகீழ்.

நம் மாணவர் பார்த்த மானி வெளிக்காற்றிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவது. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 29.92 அங்குலம். அதில் 25 போனால் மீதி 4.92 அங்குலம், அதாவது 125 மில்லிமீட்டர். அட்டவணையில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

பெருக்கும் எண்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அவற்றின் பிறப்பு தெரிந்தால் போதும். ஒரு பவுண்டு 0.4536 கிலோ, ஒரு சதுர அங்குலம் 6.4516 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 1 பி.எஸ்.ஐ. என்பது 0.0703 கிலோ. எனவே 100 பி.எஸ்.ஐ. சுமார் 7 கிலோ. 76 சென்டிமீட்டர் பாதரசத்தை அதன் அடர்த்தி 13.6-ஆல் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 1.033 கிலோ. அதுதான் இயற்கையின் வளிமண்டலம். பொறியாளர்கள் கணக்குக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 1 கிலோவையே இன்னொரு 'அட்மாஸ்பியர்' ஆக்கினார்கள். பெயர் ஒன்று, அளவு இரண்டு. வித்தியாசம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்: வண்டி டயர் பஞ்சர். மானி பூஜ்யம் காட்டுகிறது. உள்ளே காற்றே இல்லையா? இருக்கிறது, வெளியே இருக்கிற அதே 14.7 பி.எஸ்.ஐ. நாம் "முப்பது வைங்க" என்று கடையில் சொல்லும்போது உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 45.

கிளம்பும்போது அவரிடம், "தப்பு என்னுதுப்பா" என்றேன். "விடுங்க சார். அதுக்கப்புறம் எனக்குக் கீழ வேலைக்கு வந்த எல்லாப் பசங்களுக்கும் முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்" என்றார்.

நான் நடத்தாமல் விட்ட பாடத்தை இத்தனை வருஷமாக அவர் நடத்தியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்