குழந்தைகளின் தொண்டை வலி: மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்!



புளியங்குடியில் மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நாம் அடிக்கடி சொல்வது இது: தொண்டை வலி என்றதும் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், மருத்துவர் தந்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள்.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. சளி, இருமல், குரல் கம்மல் சேர்ந்திருந்தால் சில நாட்களில் தானே சரியாகும். அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. சளி, இருமல் இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது வலி, டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தில் நெறி கட்டுதல் இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். 5 முதல் 15 வயதில் இது அதிகம். 3 வயதுக்குள் குறைவு. மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கு அமாக்சிசிலின் வழக்கமாக 10 நாள் தரப்படும். மூன்றாம் நாளே குழந்தை ஓடி விளையாடும்; ஆனால் கிருமி முழுவதும் அழிந்திருக்காது. அதை விட்டுவைத்தால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகும். பிறகு பல ஆண்டுகள், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டிவரும்.

மிச்ச சிரப்பை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காதீர்கள். தண்ணீர் கலந்த மருந்து சில நாட்களில் வீரியம் இழக்கும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். துஆவும் செய்வோம், பத்தாம் நாள் மருந்தையும் கொடுப்போம். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.