ஹில்டெகார்டு அம்மையாரை உருவாக்கியோர்

அருளாளர் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இடர்ப்பாடு ஒன்று உண்டு. தம் அறிவெல்லாம் இறைவன் தந்ததே என்பர் அருளாளர். அவர் வரலாற்றை எழுதிய அடியாரும் அதனையே வழிமொழிவர். கற்பித்தோரும் துணைநின்றோரும் அவ்வொளியில் மறைந்து போவர். அவர்களை மீட்டுக் காண முயலும் ஆராய்ச்சியாளரோ, சிலவேளை எல்லாவற்றையும் பிறர் செல்வாக்கு என்றே கூறி, அருளாளரின் தனித்திறனை மறந்துவிடுவர். இவ்விரு முனைகளுக்கும் இடையே உண்மையைக் காண்டல் வேண்டும்.

ஜெர்மனி நாட்டில் ரைன் ஆற்றை அடுத்த பகுதியில் வாழ்ந்த ஹில்டெகார்டு அம்மையார் (கி. பி. 1098–1179) இதற்குத் தக்க சான்றாவார். மூன்று பெருங் காட்சிநூல்களும், எழுபதுக்கு மேற்பட்ட இசைப்பாடல்களும், இயற்கைப் பொருள்களையும் மருத்துவத்தையும் பற்றிய நூல்களும் இவர் பெயரால் வழங்குகின்றன. இத்துணையும் இலத்தீனில் ஆக்கிய இவர், தம்மைக் கல்லாத பெண் என்றே பலகாலும் குறிக்கின்றார். இக்கூற்றை எங்ஙனம் கொள்வது?

ஆசிரியை ஜூட்டா

அம்மையாரின் முதல் ஆசிரியை ஸ்பொன்ஹைம் பிரபுவின் மகளாகிய ஜூட்டா. அம்மையார் தம் எட்டாம் வயதில் துறவுக்கு அளிக்கப்பட்டார் என்பது பழைய வரலாற்றின் கூற்று. ஆயின், ஜூட்டாவின் வாழ்க்கை வரலாறு 1992இல் பதிப்பிக்கப்பெற்றபின் இக்கருத்து மறு ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. 1112ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, ஜூட்டா டிசிபோடன்பர்க் மடத்தை ஒட்டிய அறையில் அடைப்புத்துறவு மேற்கொண்டார் என அந்நூல் குறிக்கின்றது. அவருடன் புகுந்த ஹில்டெகார்டுக்கு அப்போது வயது பதினான்கு. எட்டாம் வயதில் இறைவனுக்கு நேர்ந்துவிடப்பெற்று, அடைப்புத்துறவு கொள்ளும்வரை ஜூட்டாவின் பாதுகாப்பில் வேறிடத்தில் வளர்ந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் இம்முரணைத் தீர்ப்பர்.

தமக்குக் கற்பித்தவரும் கல்லாதவரே என அம்மையார் கூறியிருத்தல் இங்கு நோக்கத்தக்கது. ஜூட்டாவின் வரலாறோ அவரைக் கற்பதில் ஆர்வமும் கற்பிப்பதில் விருப்பமும் உடையவராகக் காட்டுகின்றது. சங்கீதங்களை ஓதும் முறையை ஹில்டெகார்டு இவரிடமே பயின்றார். நாடோறும் ஓதிய அவ்வோத்தே இலத்தீன் மொழியையும் இசையையும் ஒருங்கே அவர் உள்ளத்தில் பதித்தது. எனவே, கல்லாமை என்பது அக்காலப் பள்ளிகளில் ஆடவர் பயின்ற இலக்கணம், தருக்கம் முதலியவற்றைப் பயிலாமையே அன்றி, எழுத்தறியாமை அன்று.

ஜூட்டாவிடமிருந்து அம்மையார் ஏலாதனவும் உண்டு. ஜூட்டா கடுநோன்பு நோற்று, இரும்புச் சங்கிலியால் தம் உடலை ஒறுத்தார். 1136இல் அவர் இறந்தபோது, உடலைத் தூய்மை செய்த மாணவியர் அச்சங்கிலியின் வடுவைக் கண்டனர். அவருக்குப்பின் தலைமையேற்ற ஹில்டெகார்டு அளவறிந்த ஒழுக்கத்தையே வலியுறுத்தினார். ஷோனவ் ஊர் எலிசபெத்து என்னும் துறவிக்கு எழுதிய கடிதத்திலும் மிகையான நோன்பைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினார். அளவறிதல் பெனடிக்டு ஒழுங்குநூலின் நெறியே. ஆயினும், அந்நெறியின் தேவையை அவர்க்கு உணர்த்தியது ஆசிரியையின் வடுப்பட்ட உடலாக இருத்தல் கூடும். ஓர் ஆசிரியர் பின்பற்றப்படுவதால் மட்டுமன்றி, விலக்கப்படுவதாலும் மாணவரை உருவாக்குவார்.

எழுத்துத்துணைவர் வோல்மர்

1141இல் தாம் கண்ட காட்சிகளை எழுதுமாறு பணிக்கப்பெற்றதாக அம்மையார் கூறுவர். அச்சத்தால் தயங்கிய அவர்க்கு ஊக்கமளித்தவர் அம்மடத்துத் துறவி வோல்மர். ‘ஸ்கிவியாஸ்’ என்னும் முதல் காட்சிநூல் பத்தாண்டுகளில் முற்றுப்பெற்றது. வோல்மர் சொல்லின் இலக்கண வழுக்களைக் களைந்தார், பொருளில் கைவைத்திலர். 1173இல் இறக்கும்வரை இப்பணியில் நின்றார். பின்னர் 1177இல் வந்த கிபெர் என்பாரோ நடையை அழகுபடுத்தவும் உரிமை வேண்டினார். இருவரையும் ஒப்பிடின், வோல்மரின் அடக்கம் எத்துணை அரியது என்பது விளங்கும். அம்மையாரின் கரடுமுரடான தனிநடை நமக்குக் கிடைத்தமைக்கு அவ்வடக்கமே காரணமாம்.

ரிச்சர்டிஸ்

ஸ்டாடே குடியில் தோன்றிய இளந்துறவி ரிச்சர்டிஸ் முதல் நூலாக்கத்தில் உடன் உழைத்தவர். 1150ஐ ஒட்டி அம்மையார் பிங்கனை அடுத்த ரூப்பர்ட்ஸ்பர்கில் தனிமடம் நிறுவியபோது, மடத்தலைவரின் எதிர்ப்பைக் கடக்க ரிச்சர்டிஸின் தாயார் உதவினார். ஆயின் 1151இல் பாசும் மடத்தின் தலைவியாக ரிச்சர்டிஸ் தெரிந்தெடுக்கப்பட்டார். அம்மையார் இதனைத் தடுக்கப் பெரிதும் முயன்றார், போப்பாண்டவர்க்கும் எழுதினார், பயனில்லை. மறு ஆண்டே ரிச்சர்டிஸ் இறந்தார். மீண்டு வர அவர் கண்ணீருடன் விரும்பினார் என அவர் தமையனாரான பிரெமன் பேராயர் அம்மையார்க்கு எழுதினார். அருளாளரின் மனித நெஞ்சம் வெளிப்படும் இடம் இது.

பெரியோர் ஒப்புதல்

கிளேர்வோ பெர்னார்டு, மூன்றாம் யூஜின் போப்பாண்டவர் ஆகியோர் ஒப்புதலே அம்மையாருக்குப் புகழளித்தது என்பது பொதுவழக்கு. 1147–48இல் டிரியரில் கூடிய சங்கத்தில் போப்பாண்டவர் நூலின் பகுதியைப் படித்துக் காட்டினார் என அம்மையார் வரலாறு கூறும். இதற்குப் பிற சான்று இன்மையின் இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுவர். பெர்னார்டின் விடை சுருக்கமானது. பின்னைய தொகுப்பில் அது விரிக்கப்பட்டுள்ளது. புகழ்பெற்றோரின் பங்கு தொகுப்போரால் மிகுக்கப்பட, உடனிருந்தோரின் பங்கு மங்கிற்று என்பது இதனாற் போதரும்.

முடிவுரை

2012இல் பதினாறாம் பெனடிக்டு போப்பாண்டவர் ஹில்டெகார்டைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். கல்லாதவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர் ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராயினார். அக்கூற்று, பள்ளிக்கல்வி மறுக்கப்பட்ட பெண்ணொருத்தி, தன் சொல் இறைவனது என்று கூறியே அவையேற முடிந்த காலத்தின் சான்று. அதனைச் சொல்லுக்குச் சொல் கொள்ளின், ஜூட்டாவின் ஓத்தும் வோல்மரின் எழுத்தாணியும் மறைந்துவிடும். அவர்களை மட்டுமே காணின், அவர்கள் எவரும் காணாத காட்சியைக் கண்டவர் மறைந்துவிடுவார். இரண்டனையும் ஒருங்கு காண்பதே வரலாற்று நெறி.