ஏடிவி கவிழ்ந்து காயமா? இழப்பீடு கோரும் வழி

காட்டுப் பாதையில் ஏடிவி கவிழ்ந்தால் பழி பெரும்பாலும் ஓட்டியவர் மீதே விழும். ஆனால், வாகனத்தின் வடிவமைப்பில் அல்லது பாகத்தில் இருந்த குறைபாட்டால் காயம் நேர்ந்திருந்தால், மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 68-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் பொறுப்பேற்க வேண்டும். அவர்களின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. குறைபாட்டையும் அதனால்தான் காயம் ஏற்பட்டது என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

உடற்காயம், மரணம் தொடர்பான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் விசாரிப்பதில்லை. நீதிமன்றத்தையே நாட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் காயத்திற்குப் பொதுவாக 6 ஆண்டுகள், உயிரிழந்தவரின் குடும்பத்தார் தொடுக்கும் வழக்கிற்கு 3 ஆண்டுகள் கால வரம்பு உண்டு.

விபத்துக்குள்ளான வாகனத்தை உடனே பழுதுபார்க்கவோ விற்கவோ வேண்டாம். அதுவே முக்கியச் சான்று. படங்கள், போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் அல்லது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை பெறலாம்.