கூடு திரும்பும் கோழி: புத்தளக் கரையோர மனைப்பொருளாதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புத்தளக் கரையோரத்தின் வரலாறு பெரும்பாலும் உப்பு, முத்து, தெங்கு என்பனவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1344இல் இப்னு பதூதா இக்கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தமையும், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை எழுப்பியமையும் இவ்வரலாற்றில் விதந்துரைக்கப்படுவன. அரசிறைக்கும் ஏற்றுமதிக்கும் உட்பட்ட பொருள்களே ஆவணங்களில் இடம்பெறுவது இயல்பு. எனினும், மீனவரதும் தோட்டத் தொழிலாளரதும் மனைகளை இடர்க்காலங்களில் தாங்கி நின்ற பொருள்கள் அவ்வாவணங்களுக்கு வெளியேயுள்ளன. அவற்றுள் ஒன்று முற்றத்துக் கோழி. காலையில் அவிழ்த்து விடப்பட்டு மாலையில் தானே கூடு திரும்பும் அப்பறவைக்கும் மனிதனுக்குமிடையிலான உறவு எத்தகைய சமூக நிலைமைகளிற் சாத்தியமாயிற்று என்பதையே இக்கட்டுரை நோக்குகின்றது.

கோழி மனிதனாற் பிடித்து அடைக்கப்பட்டதனால் வீட்டுப் பறவையாயிற்று என்பது பொதுவான கருத்து. அண்மைக்கால ஆய்வுகள் வேறொரு விளக்கத்தைத் தருகின்றன. 2022இல் வெளியான தொல்விலங்கியல் ஆய்வொன்று, தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்திற் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1650-1250 காலத்து எலும்புகளையே உறுதியான முதற் சான்றாகக் கொள்கின்றது. நெல், தினைப் பயிர்ச்செய்கை பரவியபோது சிந்திய தானியத்தை நாடிச் செங்காட்டுக்கோழி குடியிருப்புகளை அணுகியது என்பதே அவ்வாய்வாளர் கருத்து. இவ்வகையில் நோக்கின், கோழி மனையை நாடி வந்தமை கூட்டுக்கு முற்பட்டதாகும். வில்பத்துக் காட்டிற் காணப்படும் இலங்கைக் காட்டுக்கோழி வேறோர் இனம். அது இன்றும் காட்டுப் பறவையாகவே வாழ்கின்றது.

தமிழிலக்கியம் இவ்வுறவின் பழமைக்குச் சான்று பகர்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியைப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டும் காட்சி பட்டினப்பாலையில் இடம்பெறுகின்றது. செல்வச் செழிப்பின் வருணனையாகவே உரைகாரர் இதனைக் கொள்வர். ஆயின், கரையோர மனையின் அன்றாட ஒழுங்கும் இதிற் புலப்படுகின்றது. கோழி கட்டின்றித் திரிகின்றது; உணவைக் காத்தல் பெண்ணின் உழைப்பாகின்றது. குப்பைமேட்டில் விலக்குவாரின்றிப் பொரும் கோழிகளை உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் அவ்வுவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். போரில் மாண்ட சேவல்களுக்கு அரசலாபுரம், இந்தளூர் ஆகிய இடங்களில் நடுகல் எடுக்கப்பட்டதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. சேவலுக்குக் கல் கிடைத்தது. முட்டையிட்டுக் குடும்பத்தைத் தாங்கிய பேட்டுக்கு அது கிடைக்கவில்லை.

கோழியை மீளப் பழக்குதல் நுட்பமானதொரு தொழிலறிவு. கோழிக்கு இருளிற் பார்வை குன்றும். ஆதலின் அந்தி சாயுமுன் உயரமான, பழகிய இடத்தை அது நாடும். புத்தளம் ஏறத்தாழ வடக்கு 8 பாகை அகலக்கோட்டில் அமைந்திருப்பதால், ஆண்டு முழுவதும் மாலைப்பொழுதில் பெருமாற்றமில்லை. அடையும் நேரமும் பெரிதும் மாறுவதில்லை. புதிதாகக் கொணர்ந்த கோழியைச் சில நாள்கள் கூட்டிலோ கரப்பின் கீழோ அடைத்து வைப்பர். பின்னர் மாலையில், அடைவதற்குச் சற்று முன்னர் மட்டும் திறந்து விடுவர். தொலைவு செல்ல நேரமிராது. நாள்தோறும் ஒரே குரலில் அழைத்து ஒரே இடத்திற் குறுநொய் தூவுவர். வெளியே விடுமுன் முட்டை உண்டா எனத் தடவிப் பார்த்து, இடவேண்டிய பேட்டை அடைத்து வைப்பதும், ஈன்ற இடத்தில் ஒரு முட்டையை எடுக்காது விடுவதும் அது வேலியோரப் பற்றையில் முட்டையிடாது தடுக்கும் உபாயங்கள். குஞ்சுகளோ தாயின் பின் சென்றே வழியையும், பருந்தின் நிழலுக்கு ஒளிவதையும் கற்கின்றன. கீரி, மரநாய் ஆகியவற்றுக்கு அஞ்சியே கூடு நிலத்தினின்றும் உயர்த்தி அமைக்கப்படுகின்றது.

இவ்வறிவு பெரும்பாலும் பெண்களுடையது, கோழியும் அவ்வாறே. கடலுக்குச் செல்லவியலாத நாள்களில் முட்டை விற்ற காசு மனைவியின் கையிலிருந்தது. எனினும் இம்முறைமை தனியொரு வீட்டின் திறமையால் மட்டும் நிலைபெறுவதன்று. கோழி அயலவரின் காணியிலும், தென்னந்தோப்பிலும், களப்போரப் பொதுநிலத்திலும் மேய வேண்டும். காலில் துணி கட்டி அடையாளமிடும் வழக்கமும், கிடுகு வேலியின் பொட்டுகளைப் பொறுத்துக்கொள்ளும் அயலுறவும் இதற்கு வேண்டப்பட்டன. சுருங்கக் கூறின், திரியும் கோழி பொதுநிலத்தையும் பரஸ்பர இணக்கத்தையும் முன்நிபந்தனையாகக் கொண்டது.

இந்நிபந்தனைகள் கடந்த அரை நூற்றாண்டிற் சிதைவுற்றன. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து கோழி வளர்ப்புப் பெருந்தொழிலாயிற்று. குருநாகல், கம்பஹா மாவட்டங்களுடன் புத்தளமும் அதன் முக்கிய களமாயிற்று. பொரிப்பகத்திற் பிறக்கும் குஞ்சுக்குத் தாயில்லை, எனவே கற்பிப்பாருமில்லை. குஞ்சு, தீவனம், விற்பனை அனைத்தையும் நிறுவனமே தீர்மானிக்கும் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர் தம் கொட்டிலிலேயே கூலியாளாகின்றார். 1980களிற் சிலாபம், முந்தல் களப்போரங்களிற் கண்டல்கள் அழிக்கப்பட்டு இறால் பண்ணைகள் எழுந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் அவற்றைத் தாக்கியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. ஆனால் இழந்த பொதுநிலம் மீளவில்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களிற் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். மணித்தியாலக் கணக்கான அவகாசத்தில் அவர்கள் விட்டுவந்தவற்றுள் முற்றத்து உயிர்களும் அடங்கும். நெருக்கமான ஓலைக் கொட்டில்களுக்கிடையே கோழியொன்று திரிவதற்குரிய நிலம் தமதென்றும் அயலவரதென்றும் வகுக்கப்படாத முகாம் வாழ்வில், பெண்கள் இழந்தது சிறு வருவாயை மட்டுமன்று. தாமே ஆளும் பொருளொன்றையுமாகும். 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் மீளச் சென்றனர். இரு தசாப்தங்கள் கழிந்த நிலையிற் காணியும் வீடும் காடாகிக் கிடந்தன, மீள்தல் எளிதாயிருக்கவில்லை.

இன்று முற்றத்துக் கோழியை ஊக்குவிப்போர் நோய்த்தடுப்பையும் வலைவேலியையும் முதன்மைப்படுத்துகின்றனர். ராணிக்கேட் நோய்க்கு வெப்பந் தாங்கும் தடுப்பு மருந்து கண்ணிற் சொட்டாக இடப்படக்கூடியதாய் உள்ளமை உண்மையில் ஏழை மனைக்குப் பெருந்துணையே. எனினும் நிலம் யாருடையது, முட்டைக் காசு யார் கையிற் சேரும் என்னும் வினாக்களைத் தவிர்த்து வழங்கப்படும் கூடும் குஞ்சும் நிலைத்த பயன் தாரா. அந்தியிற் கோழி திரும்புவது அதற்குப் பழக்கப்பட்டதோர் இடம் இருப்பதனாலேயே. அவ்விடத்தை உறுதிசெய்தல் கால்நடை மருத்துவத்தின் பணி மட்டுமன்று, காணிக் கொள்கையின் பணியுமாகும்.