மீனவருக்கு எட்டாத பனிக்கட்டி

பின்லாந்து, கனடா போன்ற நாடுகளில் உறைந்த ஏரியைத் துளையிட்டு, இரவிலும் விளக்கொளியில் மீன் பிடிப்பார்கள். பிடித்த மீன் குளிரிலேயே விறைத்துவிடும், கெடாது. நமது தாமிரபரணியோ உறைவதில்லை. அது கடலில் கலக்கும் புன்னைக்காயல் பகுதியில் இரவில் வலைவீசும் மீனவருக்கு, விடிந்ததும் வெயில்தான் எதிரி.

காரணம் என்ன? மீன் இறந்ததும் நொதிகளும் பாக்டீரியாக்களும் அதன் தசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. வெப்பம் கூடினால் சிதைவும் விரைவாகும். இதற்கு நம் முன்னோர் கண்ட மாற்று உப்பு, மீன் கருவாடாயிற்று. ஆங்கில ஆட்சி உப்புக்கு வரி விதித்தபோது அதுவும் எட்டாத பொருளாயிற்று. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை அரசு, மீன் பதனிடும் முற்றங்கள் அமைத்து வரியில்லா உப்பு வழங்கியது.

அப்போதே தமிழகத்தில் பனிக்கட்டியும் இருந்தது! அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி 1833இல் கப்பலில் கல்கத்தாவுக்கு வந்தது. பின்னர் சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் அது வெள்ளையரின் பானங்களைக் குளிர்வித்ததேயன்றி, மீனவரின் கூடைக்கு எட்டவில்லை.

இயந்திரப் பனிக்கட்டி பரவிய பின்னரே நிலை மாறியது. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம், கொல்லம் அருகே நீண்டகரைக்கு விசைப்படகுகளுடன் ஐஸ் ஆலையையும் கொண்டுவந்தது. தூத்துக்குடியிலும் பின்னர் ஐஸ் ஆலைகள் எழுந்தன.

1 கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதை மீனிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மீன் கெடாதவரை மீனவர் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். ஐஸ் இல்லையேல் வியாபாரி சொன்னதே விலை. பனிக்கட்டி மீனவருக்குத் தருவது குளிர்ச்சி மட்டுமன்று, அவகாசமும்தான்.