பதில் வர வேண்டிய வழி



ஆபீஸில் நெட் நின்றுபோனால் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் வந்து கறுப்புத் திரையில் முதலில் அடிக்கிற சொல் 'பிங்'. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1983 டிசம்பர். அமெரிக்காவின் மேரிலாந்தில் ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடம். நெட்வொர்க் கோளாறு செய்தது. அங்கே வேலை பார்த்த மைக் மூஸுக்கு வயது 25. அந்த ஜூலையில் நார்வேயில் நடந்த கூட்டத்தில் டேவிட் மில்ஸ் சொன்னது அவர் நினைவுக்கு வந்தது: ஒரு செய்தியை அனுப்பி, அது எதிரொலியாகத் திரும்பி வரும் நேரத்தை அளக்கலாம். மூஸ் ஒரே ராத்திரியில் சுமார் ஆயிரம் வரி எழுதி முடித்தார். சோனார் கருவியின் ஓசையையே பெயராக வைத்தார். இவ்வளவு புகழ் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேன் என்று பின்னாளில் எழுதினார்!

அப்போது ஒரு நிறுவனத்துக்கு ஒரே நெட்வொர்க் எண்தான். கட்டடத்துக்குக் கட்டடம் தனிக் கேபிள் வந்ததும் அது போதவில்லை. ஒரே எண்ணை உள்ளுக்குள் பிரித்துக்கொள்ளலாம் என்று 1984இல் ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி மோகுல் முன்மொழிந்தார். 1985 ஆகஸ்டில் அவரும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 950 அதை முறைப்படுத்தியது. அதுதான் சப்நெட். 255.255.255.0 என்று போட்டால் முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் வீடு. அதே தெரு என்றால் நேரே கொடுக்கலாம். வேறு தெரு என்றால் கேட்வே எனப்படும் ரௌட்டரிடம் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தியின் சிறு அலுவலகத்தில் கணக்கு அறை 192.168.1, கிடங்கு 192.168.2. கிடங்குப் பிரிண்டர் பிங்குக்குப் பதில் தரவில்லை. புது ரௌட்டர் வாங்கப் பணம்கூட எடுத்து வைத்துவிட்டாள். ஆனால் ரௌட்டரின் இரண்டு பக்க முகவரிகளும் பதில் தந்தன. கிடங்குக்குள்ளிருந்து பிங் செய்தால் பிரிண்டரும் பதில் தந்தது. கடைசியில் பார்த்தால் பிரிண்டரில் கேட்வே என்ற இடம் காலி! கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது. பதிலை எந்த வழியில் அனுப்புவது என்று அதற்குத் தெரியவில்லை. பதிவுத் தபால் போய்ச் சேர்ந்தும் ஒப்புதல் அட்டை திரும்பாத கதைதான். எண்ணை நிரப்பினார்கள், வேலை முடிந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் காட்ட வேன் ஜேக்கப்சன் 1980களின் பிற்பகுதியில் 'டிரேஸ்ரூட்' எழுதினார். ஒவ்வொரு செய்தியிலும் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் செய்தியைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் தரும். 1, 2, 3 என்று போட்டு அனுப்பினால் வழியிலுள்ள ரௌட்டர்கள் வரிசையாகத் தங்களைக் காட்டிக்கொடுக்கும். என்ன ஒரு தந்திரம்!

மூஸ் 2000 நவம்பரில் சாலை விபத்தில் காலமானார். வயது 42. இருந்திருந்தால் இன்று ஏறக்குறைய என் வயது.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் இடத்தில் வழி விடுபட்டிருந்தது போகும் பக்கத்திலா, வரும் பக்கத்திலா? கமென்டில் எழுதுங்கள்.